ஜன்னல் எந்தப் பக்கம்?

சித்தியின் மகள் சின்னவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போனது ஒரு புதன்கிழமை. கடையில் அன்றுதான் குளிர்காலம் ஆரம்பம். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. சித்தி இரண்டாம் மாடியில் ஏணிமேல் நின்று, கனத்த கம்பளித் திரையைக் கொக்கி கொக்கியாக மாட்டிக்கொண்டிருந்தாள். சித்தப்பாவின் போன் வந்தபோது, கூடமாட உதவப் போயிருந்த நான்தான் எடுத்தேன். மகள் கிளம்பிவிட்டாள் என்று மேலே பார்த்துச் சொன்னேன். "சரி" என்றாள். இன்னும் ஏழு கொக்கிகள் இருந்தன. ஏழையும் மாட்டி, மடிப்புகளை நீவிவிட்டு, பிறகுதான் இறங்கினாள்.

வீட்டு அலங்காரச் சாமான்கள் விற்கும் பெரிய கடையில் மாதிரி அறைகள் அமைப்பது சித்தியின் வேலை. மொத்தம் ஐந்து அறைகள். சமையலறைக் குழாயில் தண்ணீர் வராது. கட்டிலில் யாரும் படுத்ததில்லை. அலமாரியில் இருக்கும் புத்தகங்களுக்கு அட்டை மட்டும்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கையேடு வரும்: இந்தப் பருவத்துக்குக் களிமண் நிறம், அடுத்த பருவத்துக்குப் பாசிப் பச்சை, மேசைமேல் மூன்று பொருளுக்கு மேல் கூடாது. தெருவில் பருவம் மாற இரண்டு மாதம் இருக்கும்போதே சித்திக்கு மாறிவிடும். வியர்க்க விறுவிறுக்கக் கம்பளிச் சால்வைகளை மடித்துக்கொண்டே சொல்வாள்: "வெந்து சாகறேன், ஆனா பனிக்கு ரெடி பண்றேன். என் பொழப்பப் பாத்தியா!" கடையில் அவளுக்குச் 'சீசன் அக்கா' என்று பெயர்.

சோபாத் திண்டைப் பார்த்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. பக்கவாட்டில் இரண்டு தட்டு, உச்சியில் உள்ளங்கை விளிம்பால் ஒரு வெட்டு. முயல் காதுபோல இரண்டு முனையும் நிமிர்ந்து நிற்கும். ஒருமுறை பல் வலியில் துடித்துக்கொண்டிருந்தவளை மருத்துவரிடம் கூட்டிப் போனேன். கன்னத்தைப் பிடித்திருந்த கையை எடுத்து, காத்திருக்கும் அறையில் இருந்த திண்டுகளுக்கெல்லாம் தலைக்கொரு வெட்டு வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

ஆனால் கடைச் சோபாவில் மட்டும் உட்கார மாட்டாள். பத்தொன்பது வருடத்தில் ஒருநாளும் இல்லை. கால் கடுத்தால் ஏணியின் கீழ்ப்படியில் சாய்வாள். "உக்காந்தா பள்ளம் விழும்டி. பள்ளத்தப் பாத்தா, இது வேற யாரோ வாழற வீடுன்னு வாங்க வந்தவங்க ஒதுங்கிடுவாங்க."

வாங்க வருகிறவர்களிடம் அவள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். நிறமும் அளவும் அதற்குப் பிறகு. "ஜன்னல் எந்தப் பக்கம் பாக்குது?"

"ரோட்டுப் பக்கம்" என்றார் ஒருமுறை புதுமாப்பிள்ளை ஒருவர்.

"ரோடு கிடக்கட்டும் தம்பி. வெயில் எப்ப உள்ள வருது?"

"வர்றதே இல்லக்கா."

"அப்ப இந்தச் சாம்பல் கலர் வேணாம். பகல்லயே ரெண்டு பேருக்கும் மூஞ்சி தொங்கிடும். அப்புறம் சண்டைக்குக் காரணம் தெரியாம முழிப்பீங்க."

அந்த வருடம் கையேடு சாம்பலைத்தான் விற்கச் சொல்லியிருந்தது. பின்னால் நின்ற மேலாளர் தொண்டையைச் செருமினார். சித்தி திரும்பிப் பார்க்காமலே வெண்ணெய் நிறத் துணியை விரித்துக் காட்டினாள்.

வீட்டில் கதை வேறு. காட்சிக்கு வைத்துக் கழித்த சாமான்களைக் கடையில் ஊழியர்களுக்கே கொடுத்துவிடுவார்கள். அதனால் சித்தி வீட்டில் எப்போதும் கடையின் போன பருவம் நடக்கும். கையேட்டையும் கொண்டுவந்து, அதில் உள்ளபடியே மேசை, நாற்காலி எல்லாவற்றையும் இடம் மாற்றுவாள். கடையில் எதிர்த்துப் பேசுகிற கையேட்டை வீட்டில் வேதமாக வைத்திருந்தாள். பேருந்து ஓட்டுநரான சித்தப்பா, இடம் மாறிய நாற்காலியில் இடித்த முழங்காலைத் தேய்த்துக்கொண்டு புலம்புவார்: "அம்பது பேரோட பஸ்ஸ சந்துக்குள்ள திருப்பிடறேன். என் வீட்டு ஹாலத் தாண்ட முடியல. இந்த வீட்டுல மாத்தாம இருக்கற பழைய சாமான் நான் ஒருத்தன்தான்."

"உங்களுக்கு மாத்து இன்னும் கடைக்கு வரலைங்க" என்பாள் சித்தி.

ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பிய எனக்கு அந்த வீடு ஒத்துப்போனது. எந்த அறையிலும் மூன்று மாதத்துக்குமேல் தரிக்காதவள் நான். இங்கே நான் போகாமலே அறை மாறும். சின்னவளுக்கு அப்படி இல்லை. அவள் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவள். அவளுக்கு வேண்டியதெல்லாம் ஜன்னலை ஒட்டி ஒரு மேசை, அதன்மேல் காலை வெளிச்சம், கையை வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும், துண்டுகளை எடுக்கும் சாமணம். அவள் அறையை மட்டும் சித்தி தொடுவதில்லை. நான் வந்து எட்டாம் நாள்வரை.

சின்னவள் தோழியைப் பார்க்க மூன்று நாள் வெளியூர் போயிருந்தாள். வந்து அசந்து போகட்டும் என்று சித்தி அந்த அறையைக் கையில் எடுத்தாள். 'ஜன்னலோரம் வெறுமையாக இருக்கட்டும்' என்றது கையேடு. பழைய மஞ்சள் திரை போய் மூடுபனி நிறத் திரை வந்தது. மேசை இருட்டு மூலைக்குப் போனது. அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி விரித்திருந்தது. அதில் பிரித்த கடிகாரம் ஒன்று, கழற்றிய வரிசையிலேயே, துரும்பு துரும்பாகப் பரப்பி வைத்திருந்தது. வேறு யாராவது என்றால் தொட்டிருக்க மாட்டார்கள், இல்லாவிட்டால் தட்டிவிட்டிருப்பார்கள். சித்தி ஒரு துண்டுகூடச் சிந்தக்கூடாது என்று, கடையில் மேசைவிரிப்பு மடிக்கிற மாதிரி நாலு மூலையும் சேர்த்து அழகாக மடித்து அலமாரியில் வைத்தாள். நானும் ஒரு மூலையைப் பிடித்துக் கொடுத்தேன்.

புதன் காலை சின்னவள் அந்தத் துணியைப் பிரித்துப் பார்த்தாள். வரிசை போய்விட்டது. ஒரு திருகையும் காணோம். கடிகாரம் யாரோ ஒருவர் நம்பிக் கொடுத்தது.

"நல்லாத்தானே வச்சேன்" என்றாள் சித்தி.

"நல்லாத்தான் வச்ச. ஊர்ல இருக்கறவங்ககிட்டல்லாம் ஜன்னல் எந்தப் பக்கம் பாக்குதுன்னு கேக்கறியே, என்கிட்ட ஒரு தடவ கேட்டியாம்மா?"

"சாயங்காலம் பேசிக்கலாம், இன்னிக்கு சீசன் மாத்தணும்" என்று சித்தி செருப்பை மாட்டினாள். அந்தச் சாயங்காலத்துக்குச் சின்னவள் இருக்கவில்லை. பக்கத்து நகரத்தில் இருந்த வேறொரு கடிகாரக் கடையில் வேலை கேட்டுச் சேர்ந்துவிட்டாள்.

அன்று கடை முடிந்து வந்ததும் சித்தி யாரையும் கைகொடுக்க விடாமல் தானே மேசையை ஜன்னலடிக்கு இழுத்தாள். பிறகு நாங்கள் இருவரும் தரையில் குப்புறப் படுத்துத் தேடினோம். கடுகில் பாதியாக ஒரு திருகு, அலமாரிக் காலடியில் கிடைத்தது. துணி நிறங்களைக் காட்டும் ஷேட் கார்டில் வெள்ளை நிறக் கட்டத்தை மட்டும் வெட்டி, அதன் நடுவில் திருகை ஒட்டுநாடாவால் ஒட்டி, சித்தப்பாவிடம் கொடுத்தனுப்பினாள். "வெள்ளைல வச்சாதான் அவ கண்ணுக்குப் படும்." அப்பாவிடம் வாரம் ஒருமுறை பேசிய சின்னவள், அம்மாவுக்குப் பதில் சொல்லவில்லை.

அதன் பிறகு அந்த வீட்டில் பருவம் மாறவில்லை. கடையில் வசந்தம் வந்தது, கோடை வந்தது. கழித்த சாமான்களைச் சித்தி, கடையில் தனக்கு ஏணியைப் பிடிக்கிற பெண்ணுக்கே கொடுத்துவிட்டாள். கொளுத்தும் வெயிலில் சித்தப்பா கனத்த வெல்வெட் போர்த்திய சோபாவில் உட்கார்ந்து விசிறிக்கொண்டார். "இதையாவது உருவிடேன், முதுகெல்லாம் வேர்க்குரு."

"இருக்கட்டுங்க. எது எங்க இருந்துச்சோ அங்கயே இருக்கட்டும்."

சித்தப்பாவின் முழங்காலில் மட்டும் அந்த வருடம் புதுக் காயம் இல்லை. அதைச் சொல்லிக் காட்ட அவருக்கும் மனம் வரவில்லை.

ஒரு வருடம் கழித்துக் கடையில் மறுபடி குளிர்காலம். இந்த வருடம் செங்கல் நிறம். மாதிரிக் கூடத்தில் சித்தி திண்டுகளை வரிசையாகத் தட்டி வெட்டிக்கொண்டு வந்தாள். நான் உறை மாட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசித் திண்டு அவள் கையில் இருந்தபோது போன் ஒலித்தது. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் நீட்டினாள்.

ஒரு சின்ன அறையின் படம். திரையில்லாத ஜன்னல், அதை ஒட்டி மேசை, மேசைமேல் வெள்ளைத் துணி, துணியில் வரிசையாகப் பரப்பிய கடிகாரம். கீழே எழுதியிருந்தது: "கிழக்கப் பாக்குது. பத்து மணிக்கு மேல கண்ணு கூசுது. மேசைய நகத்தாம ஒரு கர்ட்டன் தச்சுத் தருவியாம்மா?"

சித்தி ஒற்றை விரலால் தட்டெழுதினாள். 'இந்த சீசனுக்கு' என்று தொடங்கினாள். நின்றாள். ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். மறுபடி எழுதினாள்: "என்ன கலர்டி வேணும்?"

அனுப்பிவிட்டு, வெட்டாத திண்டை மடியில் வைத்துக்கொண்டு, பதில் வரும்வரை அந்தப் புதுச் சோபாவின் நட்டநடுவில் உட்கார்ந்தாள்.