ஓடாத எஞ்சினின் எண்ணெய்

போன வாரம் செஞ்சியில், திண்டிவனம் ரோட்டுக் கடையில், பைக்குக்கு ஆயில் மாற்றப் போனேன். மெக்கானிக் குமார் எட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி ஓடவே இல்லியேண்ணா. ஆயில் அப்படியேதான் இருக்குது, எதுக்கு மாத்தணும்?" என்றான். கத்திவிட்டேன். டீக்கடைக்காரர் வரை திரும்பிப் பார்த்தார். பாவம், அவன் நல்லதுக்குத்தான் சொன்னான்.

ஆனால் அந்தப் பேச்சை நான் முன்பே ஒருவர் வாயில் கேட்டிருக்கிறேன். இருபத்தைந்து வயதில், வெளியூரில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் மெக்கானிக்காக இருந்தேன். ஒற்றை எஞ்சின் வைத்த சின்ன விமானங்கள். செஞ்சி பக்கம் என் ஊரான வல்லத்தில் என்னைப் பைலட் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்; நானும் மறுக்கவில்லை. கூட வேலை பார்த்த பர்வீன் செஞ்சிக்காரி. பழைய எண்ணெயில் ஒரு புளித்த வாடை வரும்; அதை என்னைவிட முன்னால் கண்டுபிடிப்பாள்.

ஒரு மழைக்காலம் முழுக்க ஒரு விமானம் சும்மா நின்றது. மழை விட்டதும், எண்ணெயை மாற்றாமலே மாற்றியதாகப் பர்வீனைக் கையெழுத்துப் போடச் சொன்னார் மேனேஜர். "பறக்கவே இல்லையே, எண்ணெய் எப்படிக் கெடும்?"

"நின்னாதான் சார் கெடும்," என்றாள் பர்வீன். "தண்ணி கோத்துக்கும். மேல இருக்குற பாகத்துலேர்ந்து எண்ணெ வழிஞ்சி எறங்கிடும், இரும்பு துரு புடிக்கும். தொறந்து பாக்காம நான் போட மாட்டேன்."

அன்றே அவளை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார். பேனா என்னிடம் வந்தது. போட்டேன். பயம், வேறென்ன.

சில வாரங்களில் அந்த விமானம் கிளம்பியது, மேலே ஏறவில்லை. ஓடுபாதை தாண்டி வயலில் விழுந்தது. மாணவன் தப்பினான், பயிற்சியாளருக்கு இடுப்பு முறிந்தது. எஞ்சினைத் திறந்தபோது துருப்பிடித்த பாகங்கள் உரசித் தேய்ந்து, வடிகட்டியில் இரும்புத் துகள் மின்னியது.

விசாரணையில் மேனேஜர் கூசாமல் சொன்னார்: "அந்தப் பொண்ணு மாத்தாம போயிடுச்சி." நான் எழுந்தேன். "கையெழுத்து என்னுது. இவர் சொல்லித்தான் போட்டேன். பர்வீன் முடியாதுன்னு சொல்லிட்டா," என்றேன். என் வேலை போனது, நியாயம். அவரோ இன்று வேறு ஊரில், வேறு பெயரில் பள்ளி நடத்துகிறார். நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

ஊருக்கு வந்து பர்வீனிடம் நடந்ததைச் சொன்னேன். "அன்னிக்கே நீயும் மாட்டேன்னிருந்தா?" என்றாள். அவ்வளவுதான்.

எதிர்த்துப் பேசுகிறவள் என்று பெயராகிவிட்டதால் அவளை எந்தப் பள்ளியும் எடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு அருகே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். முன்பெல்லாம் தலைக்கு மேல் விமானம் போனால், நிமிராமலே என்ன எஞ்சின் என்று சொல்லிவிடுவாள். சமீபத்தில் ஒன்று தாழப் பறந்துபோனது. எந்த எஞ்சின் சத்தம் என்று ஆசையாகக் கேட்டேன்.

"இன்னா சத்தம்? எனக்கொண்ணும் கேக்கலியே," என்றாள்.