ஒயில் விளக்கு எரிந்த பிறகு

எங்கள் தொழிலில் சனம் வருவது வைத்தியரிடம் வருவது போல இல்லை. பிரேதத்தைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, இதற்கு ஏதாவது மருந்து இருக்கிறதோ என்று கேட்பது போல.

ஒயில் அழுத்தம் விழுந்த எஞ்சினைத்தான் சொல்கிறேன். ஒயில் போய்ச் சேராவிட்டால் உள்ளே இரும்பும் இரும்பும் நேருக்கு நேர் உரசும். கொஞ்ச நேரம் காணும், எல்லாம் முடிந்துவிடும். ஓட்டுகிறவருக்கு முன்னால் சின்னக் கேத்தல் மாதிரி ஒரு சிவப்பு விளக்கு எரியும். அதைக் கண்டும் நிப்பாட்டாமல் ஓடியவர்கள், ஓடி முடிந்த காரைத் தள்ளிக்கொண்டு போனவர்கள், திருத்துகிறவனைக் கள்ளன் என்று திட்டியவர்கள் என்று ஒரு பெரிய கூட்டம் உண்டு. இதை வாசிக்கிற நீங்களும் அதில் எங்கேயோ நிற்பீர்கள். நான் பலெர்மோவில், ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னால், சால்வோ என்ற இத்தாலியனின் கராஜில் மெக்கானிக். தமிழ்ச் சனத்தின் கார்கள் எல்லாம் கடைசியில் என் கையில்தான் வந்து விழும்.

வான் ஓடினது

அன்ரன் மன்னார் ஆள். மொண்டெல்லோ கடற்கரைச் சாப்பாட்டுக் கடைகளுக்கு மீனும் மரக்கறியும் ஏற்றிக்கொண்டு போகப் பழைய வான் ஒன்று வைத்திருந்தார். கோடை தொடங்கின கையோடு அதைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்தார்கள். ஒயில் பார்க்கிற கம்பியை இழுத்தேன்; துடைத்து வைத்தது போலக் காய்ந்து கிடந்தது. மிச்சமிருந்த ஒயிலைத் தட்டில் வடித்தால், கிறிஸ்மஸ் சோடனைக்குத் தூவுகிற மினுக்கம் மாதிரி ஒரே பளபளப்பு. அவ்வளவும் எஞ்சினின் சதை.

எங்கே லைற் எரிந்தது என்று கேட்டேன். போகும்போதே, பூங்கா ரோட்டில் எரிந்துவிட்டதாம். மொண்டெல்லோ போய், எல்லாவற்றையும் இறக்கி, திரும்பி வரும்போதுதான் நின்றதாம். அங்கேயே நிப்பாட்டியிருந்தால் ஒரு போத்தல் ஒயிலோடும் ஒரு சின்னக் கசிவோடும் முடிந்திருக்கும், இப்போது வேறு எஞ்சின்தான் என்றேன். கோடையில் உழைப்பதை வைத்துத்தான் அந்த வீட்டில் மாரிக்கும் சாப்பாடு.  அவர் என்னிடம் நியாயம் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "லைற் எரிஞ்சது உண்மைதான் அண்ணை, ஆனா வான் ஓடினது தானே?"

ஒரே பாஷை

ஜெசிந்தா அக்கா ஒரு சிஞ்ஞோராவின், அதாவது பணக்கார இத்தாலிய அம்மாவின், வீட்டில் வேலை செய்தவ. பாரிசவாதம் வந்த வீட்டுக்காரரை அவர்களுடைய காரிலேயே ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்குவதும் அவதான். ஒருநாள் வழியில் சிவப்பு லைற் எரிந்தது. அக்கா செய்ய வேண்டியதைச் செய்தா: ஓரத்தில் நிப்பாட்டி, சிஞ்ஞோராவுக்குப் போன் எடுத்தா. அது எப்போதும் அப்படித்தான் எரியும், ஆஸ்பத்திரிக்குப் பிந்தக் கூடாது, போ என்று பதில் வந்தது. அக்கா போனா. ஆஸ்பத்திரி வாசலுக்குக் கிட்ட எஞ்சின் டக் டக் என்று அடித்து இறுகிவிட்டது.

நான் திறந்து பார்த்தேன். ஒயில் அளவு சரியாகவே இருந்தது. அப்படியென்றால் ஒயில் குறைந்து சாகவில்லை. கீழ்த் தொட்டியைக் கழற்றினேன். தார் மாதிரிக் கறுத்த சேறு. பம்ப் ஒயிலை உறிஞ்சுகிற வலை முழுக்க அடைபட்டிருந்தது. பேரிங் எல்லாம் தேய்ந்து செம்பு தெரிந்தது. இது ஒருநாள் ஓட்டத்தில் வருகிற வேலை இல்லை. வருசக்கணக்காக ஒயில் மாற்றாத வேலை. அக்கா அந்த வீட்டுக்குப் போய் ஒரு வருசமும் ஆகவில்லை. அக்காவின் ஓட்டம்தான் பிழை என்று கராஜுக்கு வந்து நின்ற சிஞ்ஞோராவுக்கு வலையைக் கையில் எடுத்துப்போய்க் காட்டி விளங்கப்படுத்தினேன். அவ தன் வெள்ளைச் சப்பாத்தைப் பார்த்து ஒரு அடி பின்னால் போனா. சால்வோ பக்கத்தில்தான் நின்றான். அவனுக்கும் தெரியும். ஆனால் அந்தக் குடும்பத்துக் கார்கள் எல்லாம் எங்களிடம்தான் வரும். அவன் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அக்கா பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசலில் நின்றா. இந்த வேலை இருந்தால்தான் அவவுக்கு பெர்மெஸ்ஸோ, அதாவது இஞ்சை இருக்கிற விசா, புதுப்பிக்க முடியும். "விடுங்கோ தம்பி, சம்பளத்திலை கழிக்கட்டும். வேலை இருந்தாக் காணும்" என்று தமிழில் மெல்லச் சொன்னா. நான் விடவில்லை, இத்தாலிய பாஷையில் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன். அதனால் ஒன்றும் ஆகவில்லை. கார் உடைக்கிற இடத்துக்குப் போனது, அக்காவின் சம்பளத்தில் மாதாமாதம் கழிபட்டது. அன்றைக்கு நான் வலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க, சிஞ்ஞோரா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சொன்னது இதுதான்: "நீங்கள் இரண்டு பேரும் ஒரே பாஷை, நீ வேறென்ன சொல்லுவாய்?"

பக்கத்தில் முழந்தாளில்

பிலிப் எங்கள் பங்குக் கோயிலில் பெரிய ஆள். விளக்கு எரிகிறது என்று கொண்டுவந்த அவருடைய காரில் ஒயில் சென்சரைக் கழற்றி அழுத்தம் பார்க்கிற மானியைப் பூட்டினேன். குளிரில் ஊசி நன்றாக நின்றது. எஞ்சின் சூடாகச் சூடாக விழுந்து, கடைசியில் அடியில் படுத்துவிட்டது. பேரிங் போய்விட்டது, இனி ஓட்ட வேண்டாம், திருத்தத் திறந்தால் செலவு காரின் விலையைத் தாண்டலாம் என்றேன். தலையாட்டிக்கொண்டு போனவர், வேறெங்கோ கட்டி ஒயிலும் ஏதோ ஒரு மருந்தும் ஊற்றிச் சத்தத்தை அமத்தி, விற்பனைக்குப் போட்டார்.

வாங்கப் போனவன் ரெஜி, ஊரிலிருந்து வந்து கொஞ்சக் காலம்தான். ஹோட்டல் வேலைக்கு விடிய முதல் போக பஸ் இல்லை என்று கார் தேடியவன். வாங்காதே, அதன் எஞ்சின் முடிந்தது திறக்காமலே எனக்குத் தெரியும் என்று போனில் தெளிவாகச் சொன்னேன். ஓம் ஓம் என்றான். வாங்கினான். அந்தக் கார் கராஜுக்கு இழுபட்டு வந்தது. பிலிப் போனை எடுப்பதில்லையாம். ரெஜியின் கண் கலங்கியிருந்தது: "பூசையிலை எனக்குப் பக்கத்திலை முழந்தாளிலை நிண்டவர் அண்ணை, அவர் பொய் சொல்லுவாரெண்டு நான் எப்பிடி நினைக்கிறது?"

ஆவி

முத்து மொரீசியஸ்காரர். பெயர் மட்டும்தான் தமிழ். என்னோடு இத்தாலிய பாஷையில்தான் கதைப்பார். தன் காரின் எஞ்சின் செத்த பிறகு, உடைக்கிற இடத்தில் நல்லதொரு பழைய எஞ்சினைத் தானே தேடிப் பிடித்தார். அதன் விலையோடு கணக்கை முடிக்காதேங்கோ, செத்த எஞ்சினின் இரும்புத் தூள் ஒயிலை ஆற்றுகிற கூலரிலும் குழாய்களிலும் ஒளிந்திருக்கும், அவற்றை மாற்ற இன்னொரு பங்கு ஒதுக்குங்கோ என்றேன். ஏலாது என்றார். பூட்டிக் கொடு என்றான் சால்வோ. பூட்டினேன். கூலருக்குள் கிடந்த தூள் நேரே புது வரவுக்குள் போய், அதுவும் பழையது போட்ட அதே சத்தம் போட்டு நின்றது. முத்து சிரிக்கவில்லை, உண்மையாகவே கேட்டார்: "பழைய எஞ்சினின் ஆவி இதிலும் ஏறிவிட்டது, கோயிலில் ஒரு பூசை செய்தால் இறங்குமா?"

என் கார்

கடைசியில் எனக்கும் எரிந்தது. நானும் மனைவி ஸ்ரெல்லாவும் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமைக் கந்தோருக்குப் போய்க்கொண்டிருந்தோம். விளக்கைக் கண்டதும் நடு ரோட்டில் எஞ்சினை நிப்பாட்டிவிட்டேன். பின்னால் ஹோர்ன். இன்னும் கொஞ்சத் தூரம்தானே, போங்கோ என்றா ஸ்ரெல்லா. ஊருக்குச் சொல்கிறதை நானே மீறுவதோ? காரை ஓரம் தள்ளிவிட்டு வெயிலில் ஓடினோம். எங்கள் முறை போய்விட்டது. வேறு திகதிக்குத் திரும்ப வரச் சொன்னார்கள். அந்தத் திகதி மாதக்கணக்கில் தள்ளிக் கிடந்தது.

பின்னேரம் மானியைப் பூட்டிப் பார்த்தேன். அழுத்தம் முழுதாக இருந்தது. சென்சரின் வயர் ஒன்று கறள் பிடித்திருந்தது, அவ்வளவுதான். எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை என்று சந்தோசமாகத்தான் வீட்டில் போய்ச் சொன்னேன். ஸ்ரெல்லா அரிசி கழுவிக்கொண்டிருந்தா, திரும்பியும் பார்க்கவில்லை: "எஞ்சின் தப்பினது சரி, அதுக்கு இந்த நாட்டிலை இருக்க விசா தேவையில்லை."

ஓடியவனுக்கு எஞ்சின் போனது, நிப்பாட்டியவனுக்கு நாள் போனது, கேட்டு நடந்தவளுக்குச் சம்பளம் போனது. ஒன்றும் போகாமல் இருப்பது அந்த விளக்குக்கு மட்டும்தான்.