சாவி திருப்புவதற்கு முன்னால்

சனிக்கிழமை காலை, செம்பூர் டயாலிசிஸ் மையத்தில் என் பக்கத்துப் படுக்கையில் புது விரிப்பு போட்டிருந்தார்கள். ஜெபமணி அண்ணாச்சி எங்கே என்று டெக்னீஷியனைக் கேட்டேன். "அங்கிள் ஆஃப் ஹோ கயே, ஆன்ட்டி" என்றான். இந்த ஊரில் சாவை அப்படித்தான் சொல்வார்கள். முந்தின நாள் காலை போய்விட்டாராம். அடப்பாவி, ஊசி குத்துவதற்கு முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா? எழுந்து போகவும் முடியாமல் நான்கு மணி நேரம் அந்த விரிப்பையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

தாராவியில் தோல்பை தைத்தவராகவும், சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவராகவும் சபையாரான உங்களுக்கு அவரைத் தெரியும். எனக்கு அவர் பழைய கார் பார்க்கிறவர். சொந்தமாகச் சைக்கிள்கூட வைத்துக்கொள்ளாத மனிதர்தான். ஆனால் நாற்பது வருடம் மாட்டுக்கொட்டகையில் கிடந்த காரை வெள்ளைக்காரர்கள் இழுத்து வந்து ஓட வைக்கிற நிகழ்ச்சிகள் என்றால் அவருக்கு உயிர். செவ்வாய், வியாழன், சனி என வாரம் மூன்று நாள், இரண்டு படுக்கைக்கும் நடுவே ஸ்டூலில் போனைச் சாத்தி வைப்பார். இயர்போனில் ஆளுக்கு ஒரு காது. இங்கிலீஷை நான் தமிழில் சொல்ல வேண்டும்; சீட்டுத் தையலை அவர் பார்த்துக்கொள்வார். "பாத்தியா தங்கச்சி, பழைய ஓட்டையிலயே ஊசி ஏத்துதான். ரெண்டு மாசத்துல கிழியும்."

ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றும் காட்சி வந்தால்தான் கஷ்டம். எங்களுக்குக் குடிக்க ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் அளவு. "கொடங் கொடமா ஊத்துதான் பாரு, பாவி" என்பார். எனக்குச் சிரிப்பும் வரும், நாக்கும் வறளும்.

நான்காவது மாதம் எனக்கு அலுத்துவிட்டது. "போதும் அண்ணாச்சி, சனிக்கிழமைலேருந்து நான் வரல" என்றேன். நிறுத்தினால் பத்துப் பதினைந்து நாள்தான் என்று இருவருக்கும் தெரியும். அவர் வேதவசனம் சொல்லவில்லை, புத்திமதியும் சொல்லவில்லை. காரின் பாகங்களை எல்லாம் மாட்டி முடித்து, அவர்கள் சாவி போடப் போகிற இடத்தில் வீடியோவை நிறுத்தினார்.

"மிச்சத்த சனிக்கெழம பாப்போம்."

"இப்பவே போடுங்க."

"ம்ஹூம். கெளம்புதான்னு பாக்காமலா போவ? கெளம்பும், நான் சொல்லுதேன்."

என்ன பிடிவாதம்! திட்டிக்கொண்டே சனிக்கிழமை போனேன். வண்டி கிளம்பியது. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அதுவே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் சாவி திருப்புவதற்கு முன்னால் நிறுத்துவார். மீதி அடுத்த முறைதான். "கெளம்பும்" என்று அவர் சொன்ன எந்த வண்டியும் கிளம்பாமல் இருந்ததில்லை.

ஒரு நாள், "நம்மளையும் இப்படித்தானே கழுவிக் கழுவி ஓட்டுறாங்க" என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அதயும் இதயும் சேக்காத. வண்டி நல்லாயிரும். நாம நல்லாவ மாட்டோம். பாக்க நல்லாருக்கு, பாக்கோம். அவ்வளவுதான்." என் வாயை அடைத்த ஒரே ஆள் அவர்தான்.

கடைசி வியாழக்கிழமை பார்த்தது ஒரு நீலக் கார். கொட்டகையின் கூரை இடிந்து அதன் மேலேயே கிடந்தது. வழக்கமான இடத்தில் நிறுத்தினார். "கெளம்புமா?" என்று கேட்டேன். "தெரியலம்மா" என்றார். மூச்சு வாங்குகிறது, அதனால்தான் பேச்சைக் குறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தாராவியில் அவர் வீட்டுக்குப் போனேன். மகள் ஸ்டெல்லாதான் சொன்னாள். "ஒவ்வொரு வீடியோவையும் அப்பா மொதல்ல ஏக்தம் ஃபுல்லா பாத்துருவாரு ஆன்ட்டி. ஸ்டார்ட் ஆகாத வண்டின்னா தள்ளி வச்சிருவாரு. 'இது தங்கச்சிக்கு ஆவாது'ம்பாரு. புதன்கிழமை ரொம்ப முடியல. அந்த நீலக் கார மட்டும்தான் பாக்காம கொண்டுவந்தாரு."

ஒன்றரை வருடம்! அவருக்கு வண்டிகளைப் பற்றி ஏதோ ஞானம் இருக்கிறது என்றல்லவா நான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து, வெட்கம் பார்க்காமல் அழுதேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டில் மீதியைப் பார்த்தேன். சாவியைத் திருப்பினார்கள். திரும்பத் திரும்பத் திருப்பினார்கள். கொஞ்சம் புகை வந்தது, அவ்வளவுதான். எஞ்சினில் விரிசல், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டு அந்த வெள்ளைக்காரன் தார்ப்பாயைப் போட்டு மூடினான். அதைத் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் ஆள் இல்லை.

ஸ்டெல்லா கொடுத்த இயர்போன் என்னிடம் இருக்கிறது. அவர் காதில் வைத்த பக்கம் பஞ்சு நைந்திருக்கிறது. "பாக்காமலா போவ?" என்ற அவர் கேள்வியும் என்னிடம்தான் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வண்டி கிளம்பவில்லை, அண்ணாச்சி. செவ்வாய்க்கிழமை நான் போனேன்.