மார்லீனின் ரன்னிங் பேக்

என் கைப்பேசியைத் திறந்தால் முதலில் வருவது ஓஹையோவின் வானிலை. ஊர் திரும்பி இரண்டாவது வருடம் ஓடுகிறது, இன்னும் அதை மாற்றவில்லை. ஆகஸ்டில் ஒருநாள் காலை போனை மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன். வந்து பார்த்தால், மொட்டை மாடியில் காயவைத்திருந்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) அவசர அவசரமாகச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் பாறைகளுக்கு மேல் துளி மேகம் இல்லை.

"இன்னா நைனா, ஏன் வாரினு இருக்க?"

"உன் போன்ல மழைன்னு போட்டிருக்குது, இடியோட."

"அது இங்க இல்ல நைனா. அங்க."

அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சாக்கைக் கவிழ்த்து மறுபடி பரப்பத் தொடங்கினார்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் ஊர் நினைவைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். போய்விட்டுத் திரும்பி வந்தவர்கள் எழுதுவது குறைவு. நாங்களும் ஒருவகையில் புலம்பெயர்ந்தவர்கள்தான், எங்களை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான். ஓஹையோவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் மென்பொருள் சோதிக்கும் வேலையில் பல வருடம் இருந்தேன். ஒரு வசந்த காலத்தில் எங்கள் பிரிவையே கலைத்தார்கள். விசா விதிப்படி இரண்டு மாதத்துக்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை. இப்போது செஞ்சியில் பெற்றோர் வீட்டு மாடி அறையில் இருந்தபடி சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்கிறேன். மாதம் ஒருமுறை அலுவலகம் போய் முகம் காட்டிவிட்டு வருவேன். கடைத்தெருவில் பார்ப்பவர்கள் எல்லோரும் அன்பாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் பேசி முடித்து வீட்டுக்கு வந்தால், யாரோடும் பேசாதது போலவே இருக்கும்.

அங்கே எனக்குப் பேச ஆள் கிடைத்தது ஒரு விளையாட்டால். பக்கத்து மேஜையில் இருந்தவர் மார்லீன், சம்பளக் கணக்குப் பார்ப்பவர், ஐம்பதுகளின் கடைசியில் இருந்தார். சேர்ந்த புதிதில் ஒருநாள், "எங்கள் ஃபுட்பால் லீகில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, வருகிறாயா?" என்றார். "பள்ளிக்கூடத்தில் நான் கோல்கீப்பர்" என்றேன் பெருமையாக. மார்லீன் காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அது கையால் ஆடும் அமெரிக்க ஃபுட்பால் என்பதும், அதிலும் நாங்கள் யாரும் மைதானத்தில் இறங்கப்போவதில்லை என்பதும் மெல்லத்தான் விளங்கியது.

விளையாட்டு இதுதான். பத்துப் பேர் சேர்ந்து ஒரு லீக். சீசன் தொடங்கும் முன் ஒருநாள் டிராஃப்ட் நடக்கும். நிஜ ஆட்டக்காரர்களை ஆளுக்கொருவராக முறைவைத்து எடுக்க வேண்டும், ஒருவர் எடுத்தவரை மற்றவர் எடுக்க முடியாது. பிறகு வாராவாரம் அந்த ஆட்டக்காரர்கள் நிஜ மைதானத்தில் எப்படி ஆடுகிறார்களோ, அதற்கேற்ப நம் கற்பனை அணிக்குப் புள்ளிகள். எனவே எல்லாம் டிராஃப்டில் இருக்கிறது. யாரை முதலில் எடுப்பது? எங்கள் மதிய உணவு நேரம் முழுவதும் இந்தக் கேள்வியிலேயே போனது.

மார்லீனின் வழி பழைய வழி. முதல் இரண்டு சுற்றிலும் ரன்னிங் பேக். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் முட்டி மோதி ஓடுபவர்கள் அவர்கள். நல்ல ரன்னிங் பேக் ஒரு கைப்பிடிதான் தேறும். "அரிதானதை முதலில் எடு. மற்றதெல்லாம் அப்புறமும் கிடைக்கும்" என்பார். நான் ஒரு குளிர்காலம் முழுக்க இணையத்தில் படித்து வேறு முடிவுக்கு வந்திருந்தேன். முட்டி மோதுபவனின் கணுக்கால்தான் முதலில் போகும். எனவே முதல் சுற்றுகளில் வைட் ரிசீவர்கள், அதாவது தூரத்தில் ஓடிப் பந்தைப் பிடிப்பவர்கள். பின் சுற்றுகளில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மாற்று ரன்னிங் பேக்குகளை மலிவாகச் சேர்ப்பது. முதல் ஆள் விழுந்தால் அந்த இடம் இவர்களுக்குத்தான்.

"இன்னும் வேலையே கிடைக்காதவர்களை எல்லாம் எடுத்து வைத்திருக்கிறாய்" என்று மார்லீன் கேலி செய்வார்.

"நானும் ஒருவரின் பிரசவ விடுப்பில்தான் இங்கே நுழைந்தேன், மார்லீன்."

"அவள் திரும்பி வந்தாள்."

"நானும் இருக்கிறேனே."

வருடாவருடம் இதே சண்டை. சில வருடம் அவர் மேலே, சில வருடம் நான். மார்லீனுக்கு ஒரு செல்ல ரன்னிங் பேக் உண்டு. பெயர் வேண்டாம், மார்லீன் அவரை "என் பையன்" என்றுதான் சொல்வார். இரண்டாம் சுற்றில் அவரை எடுத்துவிட்டால் அன்று முழுக்க முகம் மலர்ந்திருக்கும். என் வேலை போனபோது விமான நிலையத்துக்குக் காரில் கொண்டுவிட்டவரும் மார்லீன்தான். பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு, "உன் அணி எங்கேயும் போகாது, கலா" என்றார். என் முழுப்பெயர் கலைச்செல்வி. அங்கே யாருக்கும் அது கலாவுக்கு மேல் நீண்டதில்லை.

அணி போகவில்லைதான். முதல் வருடம் செஞ்சியிலிருந்தே ஆடினேன். ஆனால் லீகின் அரட்டைக் குழுவில் எனக்குத் தெரியாத மேலாளர்களைப் பற்றிய நகைச்சுவைகள் வரத் தொடங்கின. சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பேன். மார்லீன் எழுதுவதும் குறைந்தது. இந்த வருடம் கோடையில் நான் அனுப்பிய இரண்டு செய்திகளுக்குப் பதிலே இல்லை. டிராஃப்ட் அன்றைக்கு எப்படியும் வருவார், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

டிராஃப்ட் அங்கே சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, எங்களுக்கு ஞாயிறு விடியல். மாடி அறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். பால் வாங்கிவர எழுந்த நைனா விளக்கு எரிவதைப் பார்த்து மேலே வந்தார். அவர் கரண்ட் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், காரணமில்லாமல் எரியும் விளக்கு அவருக்கு ஆகாது.

"இன்னாம்மா இது, ரம்மியா?"

"இல்ல நைனா. ஃபுட்பால். ஆள் எடுக்கறோம்."

"காசு கட்டியா?"

"காசெல்லாம் இல்ல. சும்மா."

"சும்மாவா இந்நேரத்துக்கு எழுந்து குந்தினு இருக்க?" என்றபடி கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

மார்லீனின் முறை எனக்கு முன்னால். அவர் பெயருக்கு எதிரே நொடிகள் குறைந்துகொண்டே வந்து, ஒரு வைட் ரிசீவரின் பெயர் விழுந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்போதுதான் பெயருக்குப் பக்கத்தில் சிறிதாக 'ஆட்டோ' என்று இருப்பதைக் கவனித்தேன். மார்லீன் வரவில்லை. அவருக்காகக் கணினி எடுத்துக்கொண்டிருந்தது. இரண்டாம் சுற்றிலும் இன்னொரு வைட் ரிசீவர். மார்லீனின் பையன் யாரும் எடுக்காமல் பட்டியலிலேயே நின்றான். எனக்கு வேண்டிய ரிசீவர் ஒருவரும் அங்கே இருந்தார். என் வழிப்படி அவரைத்தான் எடுக்க வேண்டும். நொடிகள் ஓடின. நான் பையனை எடுத்தேன். நம்மிடம் பத்திரமாக இருக்கட்டும், மார்லீன் வந்ததும் மாற்றிக் கொடுத்துவிடலாம், லீகில் அதற்கு வழி உண்டு என்று நினைத்தேன். அதற்குப் பின் என் திட்டமெல்லாம் சிதறிவிட்டது. கடைசிச் சுற்று ஒன்றில் பழக்கதோஷத்தால் அதே பையனுக்கு மாற்றாகப் பெஞ்சில் இருப்பவனையும் சேர்த்துக்கொண்டேன்.

காலைப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மார்லீன்.

"கலா, எட்டு மணிக்கு உட்கார்ந்தேன். எல்லாம் முடிந்துபோயிருக்கிறது!"

"அப்போதே முடிந்துவிட்டதே, மார்லீன். எட்டு மணிக்கு ஆரம்பித்தது."

"இங்கே இப்போதுதான் எட்டு."

அவர் அரிசோனாவில் இருந்தார். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு, வீட்டையும் விற்று, மகளோடு வந்துவிட்டாராம். அங்கே கடிகாரம் ஓஹையோவைவிட மூன்று மணி நேரம் பின்னால் ஓடுவது இன்னும் மனதில் பதியவில்லை. உலகத்தின் மறுபக்கத்தில் இருந்த நான் சரியான நேரத்துக்கு உட்கார்ந்திருக்க, சொந்த நாட்டுக்குள்ளேயே இடம் மாறியவர் தவறவிட்டிருந்தார்.

"ஏன் சொல்லவில்லை?" என்றேன்.

"என்ன சொல்வது? மகள் காலையில் போனால் இரவுதான் வருகிறாள். வெளியே பார்த்தால் பாறையும் முள்ளும். யாரையும் தெரியாது. நீ பூமியின் அந்தப் பக்கம் போனவள், உன்னிடம் போய் இதைப் புலம்புவதா?"

எங்கள் ஊரிலும் பாறையும் முள்ளும்தான் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் திரையில் அணிகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். தன் அணியைப் படித்து முனகினார். பிறகு என் அணியைத் திறந்திருக்க வேண்டும். வெடித்துச் சிரித்தார்.

"என் பையனை எடுத்திருக்கிறாய்! இரண்டாம் சுற்றில்! கடைசியில் என் வழிக்கு வந்துவிட்டாயே கலா! இத்தனை வருடம் தலையால் அடித்துக்கொண்டேன்!"

உங்களுக்காகத்தான் எடுத்தேன், வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே அதை விழுங்கினேன். "ஆமாம், மார்லீன். நீங்கள் சொன்னதுதான் சரி" என்றேன். எனக்கு நம்பிக்கையே இல்லாத ஓர் அணியோடு அந்த சீசனைத் தொடங்கினேன்.

அதன்பிறகு வாராவாரம் பேசினோம். எனக்குத் திங்கட்கிழமை காலை, அவருக்கு ஞாயிறு மாலை. பையன் நன்றாகத்தான் ஓடினான். நவம்பரில் கணுக்கால் போயிற்று. மார்லீன் அன்று உண்மையிலேயே துக்கம் விசாரிப்பது போலத்தான் பேசினார். மறுவாரம் பெஞ்சிலிருந்த மாற்று ஆள் இறங்கி, பையனைவிடவும் நன்றாக ஓடினான். "இது உன் வழி" என்றார் மார்லீன். "இல்லை, பாதிப் பாதி" என்றேன். டிசம்பர் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை இறுதிப் போட்டியை நான் ஜெயித்தபோது, என்னையறியாமல் சத்தம் போட்டுவிட்டேன். நைனா ஓடிவந்தார்.

"இன்னா ஆச்சு? யாரு செயிச்சது?"

"நான்தான் நைனா."

"நீ ஆடவே இல்லியே?"

கேட்டபடியே என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மார்லீனை அழைத்தேன், எடுக்கவில்லை. மகளோடு எங்காவது போயிருப்பார். குழுவில் ஆறேழு பேர் கைதட்டும் படம் அனுப்பினார்கள். அந்த வாரமே லீகை நடத்தும் கிரெக் எழுதினார்: புதிதாக நிறையப் பேர் சேரக் கேட்கிறார்கள், எனவே அடுத்த வருடத்திலிருந்து அலுவலகத்தில் வேலை செய்பவர்கள் மட்டும். தவறாக நினைக்க வேண்டாம். நான் தவறாக நினைக்கவில்லை. விழுந்தவன் இடத்தில் பெஞ்சில் இருப்பவன் வருவது நானே நம்பிய முறைதான். மார்லீன் மறுநாள் பேசும்போது, "நாம் இரண்டு பேர் மட்டும் டிராஃப்ட் செய்யலாம்" என்றார். இருவரும் சிரித்தோம். இரண்டு பேர் மட்டும் என்றால் யாருக்கு யார் வேண்டுமோ அவர் கிடைத்துவிடுவார். சண்டை போட எதுவும் மிஞ்சாது. அது இருவருக்கும் தெரிந்ததால் சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது.

ஜனவரியில் மாதாந்திரப் பயணமாகச் சென்னைக்குப் போக திண்டிவனம் பேருந்தில் உட்கார்ந்திருந்தபோது கிரெக்கிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. லீகின் கோப்பை. ஜெயித்தவர் மேஜையில் ஒரு வருடம் இருப்பது வழக்கம். எனக்கு அங்கே மேஜை இல்லாததால் சாப்பாட்டு அறையில் வைத்திருப்பதாக எழுதியிருந்தார். பக்கத்து இருக்கையில் பூக்கூடையை மடியில் வைத்திருந்த, முன்பின் தெரியாத ஓர் அம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா அது, சொம்பு மாதிரி கீது?"

"கப்பு. போட்டியில குடுத்தாங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"அப்ப ஏன் பிரிட்ஜ் மேல கீது? வூட்டுக்கு எடுத்துனு வரவேண்டிதுதான?"

வண்டி கிளம்பியது. படத்தை விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தேன். குளிர்பெட்டியின் மேல், காப்பி வடிதாள் கட்டுகளுக்கு நடுவே கோப்பை நின்றது. அடியில் புதிதாக ஒட்டிய சின்னத் தகடு. யாரோ தன் மதியச் சாப்பாட்டுப் பையை அதன்மேல் சாய்த்து வைத்திருந்தார். பையின் மேல் கறுப்பு மையில் ஒரு பெயர். அந்தப் பெயரில் எனக்கு யாரையும் தெரியாது. அதற்குப் பின்னால், தகட்டில், பாதி மறைந்து என் பெயர் இருந்தது.