குருநகரில் நான் வாயை மூடிக்கொண்ட காலை

போன மாசியில் யாழ்ப்பாணம் போனேன். காரணம் இரண்டு. ஒன்று, விரிவுரையாளர்களுக்கான கற்பித்தல் பயிற்சி. மூன்று நாள், மானிப்பாயில். மற்றது, ஜெசிந்தா. (உண்மைப் பெயர் இல்லை. எழுதச் சம்மதம் வாங்கினேன்.) மட்டக்களப்பில் என்னிடம் புள்ளிவிபரவியல் படித்த குருநகர்ப் பிள்ளை. முதலாம் ஆண்டின் நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். மீள்பதிவுக்கு இன்னும் இரண்டு கிழமைதான் இருந்தது. அது தவறினால் அவளுடைய இடமே போய்விடும். படிப்பை இடையில் விடும் மாணவர்களைப் பற்றித்தான் என் ஆய்வும். அவளைக் கண்டால் இரண்டு வேலையும் ஆகும் என்று நினைத்தேன்.

விடிய ஐந்தரைக்கு மட்டக்களப்பில் பஸ் ஏறினால் மத்தியானம் ஒன்றரைக்கு யாழ்ப்பாணம். நிலையத்திலிருந்து குருநகர் இரண்டு கிலோமீற்றர் அளவில் வரும். முச்சக்கர வண்டிக்கு முந்நூறு ரூபா கொடுத்தேன்.

"எவடத்திலை இறங்கவேணும்?" என்றார் சாரதி.

"தேவாலயத்தடியா, மீன் சந்தைப் பக்கமா, இல்லாட்டி அதுக்கும் அங்கால..." என்று நானே அடுக்கிக்கொண்டு போனேன்.

"வாத்தியாரோ அண்ணை?" என்று சிரித்தார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று அப்போது விளங்கவில்லை.

ஜெசிந்தாவின் தகப்பன் கடலுக்குப் போகிறவர். முற்றத்தில் வலை காய்ந்தது. தாய் பிளேன்ரீ தந்தார். ஒலிப்பதிவுக்கு அனுமதி கேட்டுவிட்டுத் தொடங்கினேன். காசுப் பிரச்சினையா, இங்கிலிஷ் கஷ்டமா, வீட்ட விடல்லியா? எல்லாவற்றுக்கும் "ஓம் சேர்" என்றாள். நல்ல தரவு கிடைத்ததென்று சந்தோசமாக எழும்பி வந்தேன்.

மறுநாள் மானிப்பாய்க்கு பஸ்ஸில் போனேன். பயிற்சியில் ஒரு வேலை: தான் பேசிய ஏதாவதொரு ஒலிப்பதிவைப் பக்கத்தில் இருப்பவருக்குப் போட்டுக் காட்டவேண்டும். எனக்கு வாய்த்தவர் நாதஸ்வரத்துக்குப் பேர்போன அளவெட்டியைச் சேர்ந்த சிவரூபி, என்னைப் போலவே விரிவுரையாளர். நான் பெருமையோடு நேற்றைய பதிவைப் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டவர் இயர்போனைக் காதிலிருந்து கழற்றினார்.

"சேர், உதிலை பிள்ளையின்ரை குரல் எங்கை?"

"ஓம் எண்டு சொல்றாவே."

"கேக்கிறதும் நீங்கள், மறுமொழி சொல்லுறதும் நீங்கள். எங்கடை ஊரிலை நாதஸ்வரக்காரரே மூச்செடுக்கிறவை. நீங்கள் அதுக்கும் விடேல்லை!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் தனியே இருந்து முழுவதையும் கேட்டபோது சிரிப்பு வரவில்லை. கேள்வி கேட்டதும் வகுப்பு மௌனமாக இருந்தால் எங்களுக்குப் பொறுக்காது. நாங்களே பதிலைச் சொல்லிக்கொண்டு போய்விடுவோம். அந்தப் பழக்கத்தை நான் ஆய்வுக்கும் காவிக்கொண்டு போயிருக்கிறேன்.

பயிற்சி முடிந்த அடுத்த நாள் காலை, ஊர் திரும்பமுன் மறுபடி குருநகர் போனேன். இந்த முறை ஒரே ஒரு கேள்வி: "ஏன் பிள்ள நிண்டீங்க?" பிறகு வாயை மூடினேன். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமா! தேத்தண்ணீர்க் கோப்பையைப் பார்த்தேன், வலையைப் பார்த்தேன். ஜெசிந்தா நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள். எழும்பிப் போய்விடுவாளோ என்று பயந்தேன்.

"நீங்கள் வகுப்பிலை கேள்வி கேப்பியள், சேர்," என்றாள் கடைசியில். "நான் பாதி சொல்லேக்கை மிச்சத்தை நீங்களே சொல்லிப்போட்டு, வெரி குட், இருங்கோ எண்டுவியள். எல்லாரும் என்னைக் கெட்டிக்காரி எண்டு நினைச்சினம். மிச்சம் எனக்குத் தெரியாதெண்டு எனக்கு மட்டும்தான் தெரியும். சோதினையிலை மிச்சத்தை ஆர் சொல்லுறது?"

எனக்கு முகம் சுண்டிப்போனது. அதை ஊக்கம் கொடுப்பது என்றல்லவா இத்தனை வருசமும் நினைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். கட்டாயம் வரவேண்டும், நான் உதவி செய்கிறேன் என்றெல்லாம் சொல்ல வாய் உன்னியது. அடக்கிக்கொண்டு, மீள்பதிவின் கடைசித் திகதியை மட்டும் சொன்னேன்.

"யோசிச்சுச் சொல்லுறன், சேர்," என்றாள். அதோடு விடைபெற்றேன்.

இதே மாதிரி வேலைக்கு யாழ்ப்பாணம் போகிறவர்களுக்குச் சில விசயம். குருநகருக்கு ஞாயிறு காலை போகாதீர்கள். எல்லோரும் பூசைக்குப் போயிருப்பார்கள். கடற்கரைப் பக்கம் மத்தியான வெயில் பொல்லாதது, தொப்பி தேவை. ஒலிப்பதிவை அன்றைக்கே கேளுங்கள். உங்கள் குரலே கூடுதலாகக் கேட்டால் திரும்பிப் போக ஒரு நாளாவது கையில் வைத்திருங்கள்.

ஜெசிந்தா கடைசி நாளுக்கு முதல்நாள் வந்து பதிந்தாள். அடுத்த கிழமை வகுப்பில் ஒரு கேள்விக்கு எழும்பினாள். பாதியிலேயே பிழையான வழியில் போனாள். எனக்கு நாக்கு நுனிவரை சரியான பதில் வந்துவிட்டது. வகுப்பே என்னைப் பார்த்தது. அவள் நிறுத்தி, கரும்பலகையைத் திரும்பப் பார்த்து, "இல்லை, பிழைச்சுப்போச்சு. பொறுங்கோ சேர்," என்றாள்.

பொறுத்தேன்.