அயர்லாந்துப் படத்தில் எரிந்த நெருப்பு

மார்கழி இருபத்திரண்டு, சனிக்கிழமை, மாலை ஆறே முக்கால் மணி. தூறல் நின்று பனி இறங்கத் தொடங்கியிருந்தது. நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கின் திடலில் இரண்டு மூங்கில்களுக்கு நடுவே வெள்ளைத் திரை கட்டியிருந்தார்கள். அயர்லாந்து நாட்டுப் படம் என்று மைக்கில் அறிவித்தார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. ஈரத் தரையில் கோணி விரித்து அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை தேடிக் குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்து எங்கள் குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தார். வேலை கிடைக்கவில்லை. அந்தக் கூச்சத்தை ஈடுகட்டத்தானோ என்னவோ, பிறந்து பத்தொன்பது நாளே ஆன என் தங்கையை எந்நேரமும் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

படத்தின் பேச்சு யாருக்கும் விளங்கவில்லை. ஆங்கிலம்தான் என்றார்கள், ஆங்கிலம் தெரிந்த ஆபீசர்களே விழித்தார்கள். ஓரிடத்தில் மட்டும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆட்கள் சேற்று நிலத்தைச் செங்கல் செங்கலாக வெட்டிக் காயவைத்து, அதையே எரித்தார்கள்.

“அட, நம்ம பழுப்பு நெலக்கரிக்குப் பங்காளிடா இது!” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

“கையால வெட்டிகினு இருக்கானுங்க பாரு. நம்ம மெஷின அனுப்புனா மூணு ஷிஃப்டுல அவனுங்க ஊரே இருக்காது” என்றார் இன்னொருவர். திடலே சிரித்தது.

மாமா சிரிக்கவில்லை. திரையில் மழை பெய்துகொண்டிருந்தது. சன்னல்கள் சாத்திய வீட்டில், நெருப்பருகே ஒருத்தி கைக்குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள்.

“பாத்தீங்களா மச்சான், வூட்டுக்குள்ளயே நெருப்ப வச்சிகினு எவ்ளோ சொகமா ஒக்காந்திருக்காங்க.”

“ம்” என்றார் அப்பா. ஷிஃப்ட் முடிந்து வந்த அலுப்பில் அவர் பாதித் தூக்கத்தில் இருந்தார்.

திங்கட்கிழமை அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட். பனி கடுமையாக இருந்தது; குழந்தை இருமியது. டவுன்ஷிப்பில் அப்போது எல்லா வீட்டிலும் புகையில்லாக் கரிக்கட்டிதான் எரியும். நிலக்கரியை ஆலையில் சுட்டுச் செய்வது. அப்பா சைக்கிளில் கிளம்பியதும், மாமா சமையலறை அடுப்பிலிருந்து அந்தக் கட்டிகளைக் கனலக் கனல இரும்பு வாளியில் அள்ளி, அம்மாவும் குழந்தையும் படுத்திருந்த அறையில் வைத்தார். அங்கிருந்த ஒரே சன்னலைச் சாத்தினார். கதவையும் சாத்திவிட்டு, அடியில் கோணியைத் திணித்தார்.

“அக்கா, கதகதன்னு இருக்கா?”

“இருக்குடா. நீ போய்ப் படு, என் சாமி.”

காலையில் ஷிஃப்ட் முடிந்து வந்து கதவைத் திறந்த அப்பா முதலில் குழந்தையைத் தூக்கவில்லை. வாளியைத் தூக்கினார். அதைத் தோட்டத்தில் எறிந்துவிட்டு, சன்னலை அடித்துத் திறந்து, பிறகுதான் அம்மாவையும் தங்கையையும் வெளியே கொண்டுவந்து கிடத்தினார். அம்மா வாந்தியெடுத்துக் கண் விழித்தாள். தங்கை விழிக்கவில்லை. ஆனால் கன்னம் அப்படிச் சிவந்திருந்தது. மாந்தம் என்றார்கள், திருஷ்டி என்றார்கள். அக்கம்பக்கத்தார் வந்து சேருமுன்பே அப்பா வாளியைக் கழுவிக் குழாயடியில் கவிழ்த்துவிட்டிருந்தார். பிள்ளை செத்த வீட்டில் பாத்திரம் கழுவும் மனிதரை நான் அன்று வெறுத்தேன்.

மாமா சுவரில் முட்டிக்கொண்டு அழுதார். “குளுருதான் மச்சான் கொன்னுடுச்சு. இன்னும் ரெண்டு கட்டி சேத்துப் போட்டிருக்கணும். பாவி நானு.”

“குளிருதான்” என்றார் அப்பா. “நீ என்னடா பண்ணுவ. எந்திரி.”

அப்பா, அம்மா, மாமா மூவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது. பேரன் டி.வி.க்குச் சந்தா கட்டிக் கொடுத்த நாளிலிருந்து ஐரிஷ் படங்களாகவே பார்க்கிறேன்: இதுவரை படங்கள் முப்பத்தொன்று, தொடர்கள் ஒன்பது. “மழையும் சாவுமா இருக்கு, இதுல என்ன தாத்தா பாக்கறீங்க?” என்கிறான். ஒவ்வொன்றிலும் அந்த நெருப்பைத்தான் தேடுகிறேன் என்று நான் சொல்வதில்லை.

போன மாதம் பார்த்த போலீஸ் தொடர் ஒன்றில், புகைபோக்கி அடைத்துக்கொண்ட வீட்டில், நெருப்பருகே நாற்காலியிலேயே ஒரு கிழவர் செத்திருந்தார். கன்னம் சிவந்திருந்தது. உள்ளே வந்த பெண் போலீஸ் அவரைத் தொடவில்லை. முதலில் சன்னல்களைத் திறந்தாள். புகையோ வாசனையோ இல்லாத நச்சுக் காற்று என்று திரையின் அடியில் எழுத்து ஓடியது. அதற்கு மேல் ஓடியதை நான் படிக்கவில்லை. அன்று திடலில் பார்த்த வீட்டுக்கும் கூரையில் புகைபோக்கி இருந்திருக்கும். நாங்கள் யாரும் கூரையைப் பார்க்கவில்லை. கரி சுடும் ஆலையிலேயே வேலை பார்த்த அப்பாவுக்குக் கதவைத் திறந்ததுமே தெரிந்திருக்கும். மாமாவிடம் அவர் கடைசிவரை சொல்லவில்லை.

தங்கையைப் புதைத்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, அப்பா கடப்பாரையை எடுத்து அந்த அறைச் சுவரில் இரண்டு செங்கல் அளவுக்குத் துளை போட்டார்.

“பனியில ஒரு புள்ளயக் குடுத்தது பத்தாதா? இன்னும் குளுர உள்ள வுடணுமா?” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாமா பழந்துணியைச் சுருட்டி எடுத்துவந்தார்.

“அத அடச்ச, கைய ஒடிச்சுடுவேன்” என்றார் அப்பா.

அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நானும் நம்பினேன். குவார்ட்டர்ஸ் சுவர் அரசுச் சொத்து. விசாரிக்க வந்தவர் காரணம் கேட்டபோது, மாமாவை ஒருமுறை பார்த்துவிட்டு, “காத்து வரல சார்” என்றார் அப்பா. அந்தக் காரணம் போதவில்லை; அபராதம் போட்டார்கள். வெட்டிச் செலவு என்று அம்மாவோடு சேர்ந்து நானும் அவரைப் பல மாதம் குத்திக்காட்டினேன். அடுத்த சம்பளத்தில் பிடித்தது பதினான்கு ரூபாய் முப்பது காசு.