பந்தியின் கடைசி இடம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஸ்ரீரங்கத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது பீரியட் நடந்துகொண்டிருந்தது. கணக்கு வாத்தியார் ரங்காச்சாரி என் வகுப்பு வாசலில் வந்து நின்று, "ஓய், கொஞ்சம் வெளியே வாரும்" என்றார். போனேன். "பொன்மலையிலேர்ந்து ஒருத்தர் சைக்கிள்ல வந்திருக்கார். உம்ம சிநேகிதர் ஞானமுத்து இன்னிக்குக் கார்த்தால பரமபதிச்சுட்டாராம்." நம் கிறிஸ்தவ சபையின் மூப்பர் ஒருவர் காலமான செய்தி எனக்கு இப்படி வைஷ்ணவ பாஷையில் வந்து சேர்ந்தது. ஞானமுத்து அண்ணன் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாக்பீஸைக் கையில் பிடித்தபடியே பஸ் ஸ்டாண்டு வரை நடந்துவிட்டேன்.

இந்தச் சபைப் பத்திரிகையை வாசிக்கும் உங்களில் பெரும்பாலோருக்கு அவரைத் தெரியும். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ரயில் பெட்டிகளின் சக்கரங்களைச் சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. நீளக் காம்பு போட்ட சுத்தியலால் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். இத்தனை நல்ல காது இருந்தும் ஞானப்பாட்டு பாடும்போது சுருதிக்கும் அவருக்கும் தூரத்து உறவுகூட இருந்ததில்லை. சபை முழுவதும் ஒரு பக்கம் போக, அவர் மட்டும் தன் வழியில் சத்தமாகப் போவார். ஆர்கன் வாசிக்கிறவர்தான் கடைசி அடியை நீட்டி வாசித்து, அவர் வந்து சேரும்வரை காத்திருப்பார்.

புதன்கிழமை வேதபாட வகுப்பை அவர்தான் நடத்தினார். அதில் அவர் வைத்திருந்தது ஒரே சட்டம். ஒரு வசனத்தைச் சொல்ல விரும்புகிறவர் அதற்கு முந்தின பக்கத்தையும் பிந்தின பக்கத்தையும் எழுந்து நின்று சத்தமாக வாசிக்க வேண்டும். நான் தமிழ் வாத்தியார். மனப்பாடமாக வசனம் சொல்லி அசத்துவதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. அவர் விடமாட்டார். "ஒரு சக்கரத்தைத் தட்டிட்டு வண்டியை அனுப்ப முடியாது, வாத்தியாரே. முழு வண்டியும் சுத்தி வாங்க" என்பார். எரிச்சலாக இருக்கும். வாசிப்பேன்.

நம் ஆர்கன்காரரைப் பற்றி எழுதாமல் ஞானமுத்து அண்ணனைப் பற்றி எழுதினால் அது பாதிப் பொய். அதனால் அவரிடமே போய்க் கேட்டேன். "எழுதுங்க சார். பேரை மட்டும் விட்டுடுங்க" என்றார். விட்டுவிட்டேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு முப்பது வயது. ரயில்வே ஆபீஸில் கிளார்க். அன்றைய போதகர் தம் உறவில் ஒரு பெண்ணை அவருக்குப் பேசினார். அவர் வேண்டாம் என்றார். போதகர் ஏன் ஏன் என்று குடைந்ததில் உண்மையைச் சொல்லிவிட்டார். போதகருக்கு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கமிட்டியில் கொண்டுவந்து வைத்தார்.

ஒரு சனிக்கிழமை மதியம் ஞானமுத்து அண்ணனும் நானும் உட்பட ஏழு பேர் உட்கார்ந்தோம். நான்தான் செயலாளர். ஆர்கன்காரர் எங்கள் எதிரே நின்றார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. போதகர் நல்ல மனிதர். "தம்பி, நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இத்தோட விட்டுடுவோம்" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"நீங்க சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டீங்க, ஐயா. மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லுல வேலை பார்க்கிறவர்தான் எனக்கு எல்லாம். ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டு அவளை ஏமாத்த என்னால முடியாது. சபையை விட்டுப் போகச் சொன்னா போறேன். ஆனா நான் போக விரும்பலை."

அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, நான் என் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தேன். ஆண் ஆணோடு சேர்வதைக் கண்டிக்கும் வேத பகுதிகள் மூன்றைக் குறித்துக்கொண்டு போயிருந்தேன். முதலாவது சோதோம் பட்டணத்தின் கதை. ஞானமுத்து அண்ணன், "முழுசா வாசிங்க" என்றார். வாசித்தேன். "வந்த விருந்தாளியை ஊரே திரண்டு பலாத்காரம் பண்ண வருது. இதுதானே கதை? நம்ம தம்பி யாரைப் பலாத்காரம் பண்ணினாரு? அந்த ஊரோட பாவம் என்னன்னு தீர்க்கதரிசி பின்னால சொல்றாரே, அதையும் வாசிங்க." அங்கே வயிறு நிறைந்த திமிரும் ஏழையின் கையைப் பிடிக்காததும்தான் முதலில் இருந்தன. அடுத்தது மோசேயின் சட்டம். அதற்கு முந்தின அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். இரண்டு வகை நூல் கலந்த துணியை உடுத்தக்கூடாது என்று அதில் இருந்தது. மலைக்கோட்டைக்குக் கீழே ஜவுளிக்கடை வைத்திருந்த மூப்பர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்குச் சூடு ஏறிவிட்டது. "பவுல் அப்போஸ்தலர் எழுதினதுக்கு என்ன சொல்றீங்க, அண்ணே? அவரும் துணி வியாபாரமா பேசினாரு?" என்றேன்.

அவர், "அது எனக்கும் இடறுது. மறைக்க மாட்டேன்" என்றார். "அந்த அதிகாரம் முடிஞ்சதும் அடுத்த அதிகாரத்தோட முதல் வரி யாரைப் பார்த்துப் பேசுதுன்னு மட்டும் வாசிச்சுடுங்க." வாசித்தேன். மற்றவர்களைக் குற்றவாளி என்று தீர்க்கிறவனைப் பார்த்து அது பேசியது. என் கையில் துண்டுச் சீட்டு இருந்தது. அன்று அவர்மேல் எனக்கு வந்த கோபம் இரண்டு வருஷம் ஆறவில்லை.

நான்கு பேர் நீக்க வேண்டும் என்றார்கள். போதகர் தலையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் நான் ஒரு சமரசம் சொன்னேன். ஆர்கன்காரர் சபையில் இருக்கட்டும், ஆர்கனும் வாசிக்கட்டும். திருவிருந்தில் மட்டும், எல்லாரும் பொதுப் பாத்திரத்தில் திராட்சரசம் குடித்து முடித்த பிறகு, கடைசியாகத் தனியே வந்து குடித்துக்கொள்ளட்டும். எல்லோர் முகத்திலும் நிம்மதி. நீக்கச் சொன்னவர்களும் தலையாட்டினார்கள். அந்த மனிதருடைய இடத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

"வாத்தியாரே," என்றார் ஞானமுத்து அண்ணன், "உங்க அப்பா எந்த இடத்துல மண்டியிட்டுக் குடிச்சாருன்னு நினைவிருக்கா?"

இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது என்பதால் சொல்கிறேன். நம் சபையில் ஒரு காலத்தில் சாதி பார்த்துத்தான் பாத்திரம் கொடுத்தார்கள். மேல் சாதிக் குடும்பங்கள் முதலில், எங்களைப் போன்றவர்கள் எல்லாருக்கும் கடைசியில். ஞானமுத்து அண்ணனின் தாத்தா முதல் வரிசை. என் அப்பா கடைசி. ஒவ்வொரு திருவிருந்து ஞாயிறும் வீடு திரும்பியதும் அப்பா ஒரு மணி நேரம் யாரோடும் பேசமாட்டார். அது எப்படி எனக்கு மறந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"அது வேற, இது வேற, அண்ணே" என்றேன்.

"எங்க வீட்டுலயும் அப்படித்தான் சொன்னாங்க. அப்பவும் வசனம் வச்சிருந்தாங்க" என்றார். அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. தீர்மானம் நிறைவேறியது. கமிட்டிப் புத்தகத்தில் என் கையாலேயே எழுதினேன்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு திருவிருந்து. வரிசை வரிசையாகப் போய் மண்டியிட்டு வந்தோம். ஞானமுத்து அண்ணன் மட்டும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஆர்கன்காரர் ஆர்கனை விட்டு இறங்கிவந்து, பீடத்துக்கு முன்னால் இருக்கும் அந்த நீளமான கிராதியின் முன் தனியாக மண்டியிட்டார். பாட்டும் இல்லை, ஆர்கனும் இல்லை. அப்போது பெஞ்சு கிறீச்சிட்டது. அண்ணன் எழுந்துபோய் அவருக்கு இடது பக்கத்தில் மண்டியிட்டார். பாத்திரம் வலமிருந்து இடமாக வரும். ஆர்கன்காரர் குடித்ததும் போதகர் விளிம்பைத் துணியால் துடைத்தார். பிறகு இன்னொரு தடவை துடைத்தார். "ஒரு தடவை போதும், ஐயா" என்றார் அண்ணன். மெதுவாகத்தான் சொன்னார், அந்த நிசப்தத்தில் எல்லாருக்கும் கேட்டது.

அன்றிலிருந்து சாகும்வரை அவர் அங்கேதான் குடித்தார். பன்னிரண்டு வருஷத்தில் அவரோடு வேறு யாரும் போகவில்லை. நானும் போகவில்லை. முதலில், வேண்டுமென்றே நடிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு கோபம் ஆறி, பழையபடி பேச ஆரம்பித்த பிறகு, போக வெட்கமாக இருந்தது. ஒருநாள் காவிரிப் பாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போது கேட்டேன்: "பவுல் விஷயத்துக்குப் பதில் கிடைச்சுதா, அண்ணே?"

"இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்கேன், வாத்தியாரே. கிடைக்கிற வரைக்கும் அந்தத் தம்பியைத் தனியா மண்டியிட வைக்க முடியாதில்ல?"

அடக்க ஆராதனையில் ஆர்கன்காரர்தான் வாசித்தார். பழக்கத்தில் ஒவ்வொரு கடைசி அடியையும் நீட்டி வாசித்துக் காத்திருந்தார். பின்னால் வந்து சேரக் குரல் இல்லை. பல வரிசை தள்ளி மண்ணச்சநல்லூர் சிநேகிதர் நின்றிருந்தார். நம் கோயிலுக்குள் நான் அவரைப் பார்த்தது அன்றுதான். எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

இந்த மாதம் முதல் ஞாயிறு எல்லா வரிசையும் போய்வந்தது. நான் பெஞ்சிலேயே இருந்தேன். ஆர்கன்காரர் இறங்கிவந்து மண்டியிட்டார். வழக்கம்போல் இடது பக்கம் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டிருந்தார். எழுந்துபோய் அங்கே மண்டியிட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பாத்திரம் என்னிடம் வந்தபோது ஒரு மிடறுதான் மீதி இருந்தது. என் அப்பா குடித்ததும் அந்த மிடறுதான்.

வசனத்தைப் பற்றி எனக்கு இன்னும் முழுத் தெளிவு கிடையாது. நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். நான் எழுதிய தீர்மானத்தை அடித்துவிடும்படி அடுத்த கமிட்டியில் கேட்கப்போகிறேன். எத்தனை பேர் கை தூக்குவார்கள் என்று தெரியாது. ஞானமுத்து அண்ணனிடமிருந்து எனக்கு வந்தது கிராதி ஓரத்தில் அந்த ஓர் ஆள் இடம். அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அது காலியாக இருக்காது.